கதிரவன் காற்றும் கவசமிலாக் கோள்களும்

வால்மீன் ஒன்றை வரையுமாறு பள்ளிப் பிள்ளைகளிடம் கூறினால், அவர்களுள் பெரும்பாலோர் அதனை ஓடுகின்ற குதிரையைப் போலவே வரைவர். தலை முன்னே செல்லும். வால் பின்னே நீளும். ஓடும் பொருளுக்கு வால் பின்னாலன்றோ இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் வானத்து வால்மீன் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. கதிரவனை நெருங்கி வரும்போது அதன் வால் பின்னே கிடக்கிறது. கதிரவனைச் சுற்றிக்கொண்டு விலகிச் செல்லும்போதோ வால் முன்னே செல்கிறது. தலை அதனைப் பின்தொடர்கிறது. எவ்விடத்தில் இருப்பினும் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது.

இச்சிறு முரண்பாட்டைக் கண்டு, 'ஏன்?' என்று வினவியவர்களின் வரலாறு நெடியது. அவ்வினாவிலிருந்து தோன்றிய ஆராய்ச்சியே, நிலவின் மண் எத்தகையது, வெள்ளியின் நீர் எங்கே போயிற்று, செவ்வாயின் காற்று எவ்வாறு மெலிந்தது என்னும் பெருவினாக்களுக்கும் விடை காணத் துணையாயிற்று. அவ்வரலாற்றை அறிவது அறிவியல் மாணவர்க்கு மட்டுமன்றி, அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விழையும் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

வால்மீன் சொன்ன செய்தி

வால்மீனின் வால் கதிரவனுக்கு எதிர்ப்புறம் நோக்கும் என்பதைச் சீனர்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தனர். ஐரோப்பாவில் 1531ஆம் ஆண்டு தோன்றிய வால்மீனை நாள்தோறும் நோக்கிய செருமானிய அறிஞர் பீட்டர் அப்பியன் இதே உண்மையைக் கண்டு படமாக வரைந்து வெளியிட்டார். பிற்காலத்தில் ஹாலி வால்மீன் எனப் பெயர் பெற்றது அதுவே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கெப்ளர், கதிரவனின் ஒளியே வாலைத் தள்ளுகிறது என்று கருதினார். அக்கருத்து பாதி உண்மை. வால்மீனுக்கு இருவகை வால்கள் உண்டு. தூசியாலான வால் ஒளியின் தள்ளுவிசையால் வளைந்து விரிகிறது. மின்னூட்டம் பெற்ற வளிமங்களாலான மற்றொரு வாலோ, நீலநிறங் கொண்டு, கோலைப்போல் நேராக நிற்கிறது. இந்த இரண்டாம் வாலுக்கு ஒளியின் விசை போதாது.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு காரிங்டன் கதிரவனின் முகத்தில் திடீரென ஒரு பேரொளி தோன்றி மறைவதைக் கண்டார். ஏறத்தாழப் பதினேழு மணி நேரம் கழித்து உலகெங்கும் காந்தமுள்கள் தடுமாறின. தந்திக் கம்பிகளில் மின்பொறி பறந்தது. துருவ ஒளி வெப்பநாடுகளிலும் தெரிந்தது. கதிரவனிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் பூமியை அடைகிறது என்னும் ஐயம் அன்று அறிஞர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆயினும் அஃது அவ்வப்போது வீசியெறியப்படும் வீச்சா, இடையறாது வீசும் காற்றா என்பது தெளிவாகவில்லை.

தெளிவுக்கு வழிகாட்டியது மீண்டும் வால்மீனே. நேரான வால் கதிரவனுக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து சில பாகை சாய்ந்திருப்பதை 1943ஆம் ஆண்டில் குனோ ஹொப்மைஸ்டர் கண்டறிந்தார். மழை நேராகப் பெய்தாலும், ஓடுகின்றவன் முகத்தில் அது சாய்ந்தே அடிக்கும். அதுபோல, கதிரவனிலிருந்து வரும் ஓட்டத்தின் குறுக்கே வால்மீன் ஓடுவதால் அதன் வால் சாய்கிறது. 1951ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் லூட்விக் பீர்மான், கதிரவன் எந்நேரமும் எல்லாத் திசையிலும் மின்னூட்டத் துகள்களை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது என்று கூறினார். வால் இல்லாத வேளை இல்லை. ஆதலால் காற்று வீசாத வேளையும் இல்லை என்பது அவர்தம் வாதம்.

1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஹானஸ் ஆல்வேன் மற்றொரு கருத்தைச் சேர்த்தார். கதிரவனிலிருந்து வரும் மின்னூட்ட ஓட்டம் தன்னோடு காந்தப் புலக்கோடுகளையும் சுமந்து வருகிறது. வால்மீனின் தலையைச் சூழ்ந்த மின்னூட்ட வளிமத்தில் அக்கோடுகள் சிக்கிக்கொள்கின்றன. ஆற்றின் நடுவே நட்ட கோலில் துணி மாட்டிக்கொண்டால், அதன் இரு முனைகளும் நீரோட்டத்தின் திசையில் நீள்வதுபோல, காந்தக் கோடுகள் தலைமீது போர்த்திப் பின்னே நீள்கின்றன என்றார் அவர். வால்மீனுக்காகச் சொல்லப்பட்ட இக்கருத்தே பிற்காலத்தில் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் பொருந்துவதாயிற்று.

மறுக்கப்பட்ட கட்டுரை

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் இளம் அறிஞராக விளங்கியவர் யூஜின் பார்க்கர். கதிரவனைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தின் வெப்பம் பத்து இலட்சம் பாகையைத் தாண்டுவது. இத்துணை வெப்பமுடைய வளிமம் அசையாது நிற்கும் எனக் கொண்டு கணக்கிட்டால், நெடுந்தொலைவில் அதன் அழுத்தம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் அழுத்தத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும். தடுத்து நிறுத்த எதிரழுத்தம் இல்லாத இடத்தில் வளிமம் நில்லாது, ஓடவே செய்யும். அவ்வோட்டம் தொலைவு செல்லச் செல்ல விரைவு பெற்று, ஒலியின் விரைவையும் மிஞ்சி, வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் கோள்களைக் கடந்து செல்லும் என்று பார்க்கர் கணித முறையால் காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயரே கதிரவன் காற்று.

அக்கட்டுரையைப் புகழ்பெற்ற வானியற்பியல் இதழுக்கு அவர் அனுப்பினார். மதிப்பீடு செய்த இருவரும் அதனை மறுத்தனர். அவ்விதழின் ஆசிரியராக அந்நாளில் வீற்றிருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றவர் அவர். பார்க்கரின் கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை. ஆயினும் மதிப்பீட்டாளர்கள் கணக்கில் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்பதை அவர் நோக்கினார். தாமும் பிழை காண இயலவில்லை. பிழை காட்டப்படாத ஒரு கட்டுரையை, விரும்பாமையை மட்டுமே காரணமாகக் கொண்டு தள்ளுதல் முறையன்று எனத் துணிந்து, 1958ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

இச்சந்திரசேகரே 1935ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டன் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில், வெண்குறு விண்மீன்களைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தபோது, பேரறிஞர் எடிங்டனால் அவையறிய எள்ளப்பட்டவர். எடிங்டன் காட்டியது பிழையன்று, விரும்பாமையே. அவ்விளைஞரின் கணக்கு சரியென்பதைக் காலம் காட்டிற்று; 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசும் அவரை அடைந்தது. தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராமல் காத்தல் சான்றோர் இயல்பு. அவ்வியல்பை அந்த 1958ஆம் ஆண்டின் இதழ் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

அளவை அளித்த தீர்ப்பு

கணக்கு எத்துணை நேர்த்தியாயினும், அளந்து பார்த்த பின்னரே அஃது அறிவியல் உண்மையாகும். 1959ஆம் ஆண்டு சோவியத்து நாட்டின் லூனா விண்கலங்களில் கொன்ஸ்டன்டின் கிரிங்கவுஸ் பொருத்திய கருவிகள், பூமிக்கு அப்பால் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தை முதன்முதலில் உணர்ந்தன. ஐயத்தை முற்றும் அகற்றியது அமெரிக்காவின் மரைனர் 2 ஆகும். அதன் உடன்பிறப்பான மரைனர் 1, 1962 சூலையில் ஏவப்பட்ட சில நிமிடங்களில் வழிதவறியதால் அழிக்கப்பட்டது. அடுத்த திங்களில் புறப்பட்ட மரைனர் 2 மூன்றரைத் திங்கள் பயணம் செய்து, 1962 டிசம்பர் 14ஆம் நாள் வெள்ளியைக் கடந்தது. வேறொரு கோளை அணுகிச் செய்தி அனுப்பிய முதல் விண்கலம் அதுவே.

அப்பயணத்தில் மார்சியா நியூகேபவர் என்னும் அம்மையாரும் கான்வே சினைடரும் அமைத்த கருவி இடையறாது காற்றை அளந்தது. காற்று ஒருநாளும் ஓயவில்லை. அதன் விரைவு வினாடிக்கு 300 கிலோமீட்டருக்கும் 800 கிலோமீட்டருக்கும் இடையே ஏறியும் இறங்கியும் இருந்தது. பார்க்கரின் கணக்கு மெய்யாயிற்று. கதிரவன் ஒவ்வொரு வினாடியும் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருளை இவ்வாறு வெளியே செலுத்துகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் பூமியருகே ஒரு கன செண்டிமீட்டரில் அக்காற்றின் துகள்கள் ஐந்து முதல் பத்து வரையே இருக்கும். பெயரால் காற்றெனினும், மனிதன் செய்த வெற்றிடங்கள் பலவற்றைவிடவும் அது வெறுமையானது.

அதே பயணம் மற்றொரு செய்தியையும் தந்தது. வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, விண்கலத்தின் காந்தமானி எம்மாற்றத்தையும் காட்டவில்லை. பூமியாக இருந்திருப்பின் அத்தொலைவில் அதன் காந்தக் கோளத்துக்குள்ளேயே விண்கலம் நுழைந்திருக்கும். 1965 சூலையில் மரைனர் 4 செவ்வாயை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அங்கும் பூமியைப் போன்ற காந்தப்புலம் இல்லை. 1967 அக்டோபரில் வெனரா 4, மரைனர் 5 ஆகிய இரண்டும் அடுத்தடுத்த நாள்களில் வெள்ளியை அடைந்து, அதற்குத் தனக்கென ஒரு காந்தப்புலம் இல்லை என்பதை உறுதி செய்தன.

பூமியின் காந்தப்புலம் கதிரவன் காற்றைக் கதிரவன் பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் உயரத்திலேயே தடுத்து ஒதுக்குகிறது. அத்தகைய காப்பு இல்லாத கோளின்மீது அக்காற்று மோதினால் என்ன நேரும்? இவ்வினா அப்போதுதான் தன் முழு உருவில் எழுந்தது.

நிலவு: தடுப்பார் இல்லாத நிலம்

முதல் விடையை நிலவு அளித்தது. 1967 சூலையில் நிலவைச் சுற்றத் தொடங்கிய எக்சுப்புளோரர் 35, கதிரவன் காற்று நிலவின் முன்னே எவ்வகை அதிர்ச்சியும் இன்றி நேராக வந்து நிலத்தில் விழுவதைக் கண்டது. நிலவின் பின்புறத்தில் மட்டும் காற்று புகாத ஒரு வெற்று நிழல் நீண்டு கிடந்தது. காந்தப்புலமும் இல்லை, காற்று மண்டலமும் இல்லை; ஆதலால் தடுப்பாரும் இல்லை.

1969 சூலையில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள், சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்து யொகான்னஸ் கைஸ் குழுவினர் ஆக்கிய அலுமினியத் தகடு ஒன்றைக் கோலில் கட்டிக் கதிரவனுக்கு எதிரே விரித்தனர். 77 நிமிடம் காற்றை ஏற்ற அத்தகடு சுருட்டப்பட்டுப் பூமிக்கு வந்தது. அதனுள் புதைந்திருந்த ஹீலியம், நியான் முதலிய அணுக்களை ஆய்வாளர் எண்ணிக் காட்டினர். கதிரவனின் பொருளை மனிதன் கையில் எடுத்தது அன்றே.

நிலவின் மண் தன்மீது விழும் காற்றை முழுவதும் உறிஞ்சிவிடும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இவ்வெண்ணத்தை மாற்றியது, 2008 அக்டோபர் 22ஆம் நாள் இந்தியா ஏவிய சந்திரயான் 1. கோவை மாவட்டத்துக் கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். சுவீடன் நாட்டவரும் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினரும் பிறரும் கூடி அமைத்த கருவி ஒன்று அதில் இருந்தது. மண்ணில் விழும் புரோட்டான்களுள் ஐந்தில் ஒரு பங்கு வரை மின்னூட்டம் இழந்த ஹைட்ரஜன் அணுக்களாகத் திரும்பி எழுவதை 2009ஆம் ஆண்டில் அக்கருவி வெளிப்படுத்தியது.

வெள்ளி: காற்றே கட்டிய அரண்

வெள்ளியின் நிலை வேறு. மரைனர் 5 ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் உயரத்தில் அதனைக் கடந்தபோது, கோளின் முன்னே கதிரவன் காற்று திடீரென வேகம் தளர்ந்து விலகுவதைக் கண்டது. விரைந்து செல்லும் படகின் முன்னே நீர் வில்லாய் வளைந்து எழுமன்றோ? அத்தகைய வில்லதிர்ச்சி அங்கே இருந்தது. காந்தப்புலம் இல்லை, ஆயினும் தடை இருக்கிறது. அத்தடை யாது?

விடை வெள்ளியின் மேற்காற்றில் இருந்தது. கதிரவனின் புறவூதாக் கதிர்கள் மேற்காற்றின் அணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து மின்னணுக்களைப் பிரிக்கின்றன. அதனால் அங்கே மின்சாரம் கடத்தக்கூடிய அயனி மண்டலம் ஒன்று உண்டாகிறது. காந்தப்புலத்தைச் சுமந்துவரும் கதிரவன் காற்று அதன்மீது மோதும்போது, கடத்தியின் அருகே காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்னும் பாரடேயின் விதி அங்கும் செயற்படுகிறது. அயனி மண்டலத்தில் பிறக்கும் மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அது வருகின்ற புலத்தை எதிர்த்து நிற்கிறது. வந்த கோடுகள் உள்ளே புக மாட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கோளின் முகத்தில் போர்வையாய்ப் படிந்து, இருபுறமும் வழுக்கிப் பின்னே வாலாக நீள்கின்றன. ஆல்வேன் வால்மீனுக்கு உரைத்ததே இங்கும் நிகழ்கிறது. தன்னைத் தாக்க வந்த காந்தத்தைக் கொண்டே கோள் தனக்கு அரண் அமைத்துக்கொள்கிறது. இதனைத் தூண்டப்பட்ட காந்தக் கோளம் என அறிஞர் வழங்குவர்.

இவ்வரண் கோளுக்கு மிக அண்மையது. பூமியின் முன்னே வில்லதிர்ச்சி ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் தொலைவில் நிற்க, வெள்ளியின் முன்னே அது 2,000 முதல் 3,000 கிலோமீட்டர் உயரத்திலேயே நிற்கிறது. 1978 டிசம்பர் முதல் 1992 அக்டோபர் வரை வெள்ளியைச் சுற்றிய பயனியர் வீனசு விண்கலம், கதிரவனின் பதினோராண்டுச் சுழற்சி ஒன்றினை முழுமையாகக் கண்டது. கதிரவன் கிளர்ந்தெழும் ஆண்டுகளில் புறவூதாக் கதிர் மிகுவதால் அயனி மண்டலம் வலுப்பெற்றுக் காற்றை எதிர்த்து நிற்கிறது; அடங்கிய ஆண்டுகளில் அது மெலிகிறது என்பதை அக்கலமே காட்டிற்று. அயனி மண்டலத்தினுள் முறுக்கிய கயிறுகளைப்போலக் காந்தக் கோடுகள் இழையோடுவதையும் அது கண்டது.

அரண் இருப்பினும் களவு நின்றபாடில்லை. 2006 ஏப்ரலில் வெள்ளியை அடைந்த ஐரோப்பிய விண்கலம், கோளின் வால்வழியே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுவதை அளந்தது. அவற்றின் விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. நீரின் விகிதமும் அதுவே என்பதை எந்த மாணவனும் அறிவான். வெள்ளியில் எஞ்சியுள்ள நீராவியில், பளுவான ஹைட்ரஜனின் பங்கு பூமியிலுள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேற்பட்டது. இலேசான ஹைட்ரஜன் எளிதில் தப்பிப்போக, பளுவானது பின்தங்கியது. முன்னொரு காலத்தில் வெள்ளியில் நீர் மிகுந்திருந்தது என்பதற்கும், அது வான்வழியே போயிற்று என்பதற்கும் இவை சான்று.

செவ்வாய்: உறைந்து நிற்கும் காந்தம்

செவ்வாய்க்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டா என்பதில் முப்பது ஆண்டுகள் அறிஞர் மாறுபட்டனர். சோவியத்து விண்கலங்கள் 1970களில் அங்கும் வில்லதிர்ச்சியைக் கண்டன. சிறிய அளவில் காந்தப்புலம் உண்டு என்றனர் சிலர்; வெள்ளியைப் போன்றதே என்றனர் வேறு சிலர். 1989ஆம் ஆண்டு சோவியத்தின் போபோசு 2, இரண்டு திங்களே உழைத்துப் பின் மௌனமாயிற்று. ஆனால் அதற்குள், செவ்வாயின் பின்புறத்திலிருந்து ஆக்சிஜன் அயனிகள் ஓடிக்கொண்டிருப்பதைச் சுவீடன் நாட்டுக் கருவி அளந்துவிட்டது.

வழக்கைத் தீர்த்தது 1997 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த மார்சு குளோபல் சர்வேயர். அதன் வரலாறு சுவையானது. கலத்தின் கதிரவப் பலகை ஒன்று பழுதுற்றிருந்தமையால், மேற்காற்றில் உரசி வேகங் குறைக்கும் பணியை மெல்லவே செய்ய வேண்டியதாயிற்று. சில திங்களில் முடிய வேண்டியது ஒன்றரை ஆண்டுகள் நீடித்தது. அதனால் விண்கலம் நூறு கிலோமீட்டர் உயரத்தையொட்டிப் பன்முறை தாழ்ந்து பறந்தது. மரியோ அக்குன்யா தலைமையில் அமைந்த காந்தமானி, அவ்வுயரத்தில் எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டது. கோள் முழுவதற்குமான காந்தப்புலம் இல்லை. ஆனால் தென்பகுதியின் பழம்பாறைகளில், பூமியின் பாறைக் காந்தத்தைவிடப் பன்மடங்கு வலிய காந்தம் உறைந்து கிடந்தது. பழுதே பயனாக மாறிய நிகழ்ச்சி அது.

உருகிய பாறை குளிர்ந்து இறுகும்போது, அவ்வேளையில் அங்கிருக்கும் காந்தப்புலத்தின் சுவட்டைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். எனவே செவ்வாய்க்குத் தொல்காலத்தில் முழுமையான காந்தப்புலம் இருந்தது என்பது தெளிவு. பெருமோதலால் உண்டான ஹெல்லாசு முதலிய படுகைகளில் அச்சுவடு இல்லை. அவை தோன்றிய காலத்தில், ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன், காந்தப்புலம் நின்றுபோயிருந்தது என இதனால் அறிஞர் பலர் கருதுகின்றனர். இன்று அவ்வுறைந்த காந்தம் இடையிடையே சிறு குடைகளை விரித்து வைத்தாற்போலத் தென்பகுதியைக் காக்கிறது. அக்குடைகளின் விளிம்பில் துருவ ஒளியைப் போன்ற ஒளி தோன்றுவதை ஐரோப்பாவின் மார்சு எக்சுபிரசு கண்டு 2005ஆம் ஆண்டில் அறிவித்தது.

2014 செப்டம்பரில் இரண்டு விண்கலங்கள் இரண்டு நாள் இடைவெளியில் செவ்வாயை அடைந்தன. ஒன்று, மேற்காற்றின் இழப்பை அளப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அமெரிக்காவின் மேவன். மற்றது, இந்தியாவின் மங்கள்யான். மேவன் அளந்த அளவின்படி, கதிரவன் காற்று செவ்வாயிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ நூறு கிராம் வளிமத்தைக் கொண்டுசெல்கிறது. இதனை 2015 நவம்பரில் அறிவித்தனர். அவ்வாண்டு மார்ச்சில் கதிரவப் புயல் ஒன்று தாக்கியபோது இழப்பு பன்மடங்கு பெருகியது. 2022 டிசம்பரில் இதற்கு மாறாகக் காற்றின் அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. அழுத்தம் நீங்கிய செவ்வாயின் மண்டலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது. காற்று திரும்பியதும் பழைய நிலைக்குச் சுருங்கியது.

மாணவர் செய்யத்தக்க ஒரு கணக்கு

வினாடிக்கு நூறு கிராம் என்பது ஒரு கைப்பிடி அரிசியின் எடையைவிடச் சற்றே மிகுதி. இத்துணைச் சிறிய இழப்பு ஒரு கோளை வறியதாக்குமா? கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். ஆகவே நாள்தோறும் 8,640 கிலோகிராம். ஓராண்டுக்கு ஏறத்தாழ 3,150 டன். 400 கோடி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12.6 இலட்சம் கோடி டன். செவ்வாயில் இன்றுள்ள காற்றின் மொத்த எடையோ ஏறத்தாழ 25 இலட்சம் கோடி டன். அதாவது இன்றைய அளவிலேயே இழப்பு நிகழ்ந்திருப்பின், இன்றுள்ள மெல்லிய காற்றில் பாதியளவே போயிருக்கும். பூமியின் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த காற்றே இன்று அங்குள்ளது. ஆற்றுப் படுகைகளும் ஏரித் தடங்களும் காட்டும் அப்பழைய தடித்த காற்று போனதற்கு இக்கணக்கு போதாது.

எனவே பண்டைக் காலத்தில் இழப்பு மிகப் பெரிதாக இருந்திருத்தல் வேண்டும். இளமையில் கதிரவன் புறவூதாக் கதிரையும் காற்றையும் இன்றைவிட வன்மையாக வீசியது என்பது பிற இளம் விண்மீன்களை நோக்கி அறியப்பட்டது. இதற்கு வேறொரு சான்று ஆர்கன். அஃது எப்பொருளோடும் கூடாத வளிமம், பாறையில் புதையாது, நீரில் வினைபுரியாது. அது குறைந்திருப்பின் வான்வழியே சென்றிருத்தல் வேண்டும். இலேசான ஆர்கனும் பளுவான ஆர்கனும் மேற்காற்றில் எவ்விகிதத்தில் உள்ளன என மேவன் அளந்தது. செவ்வாய் தன் ஆர்கனில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை இழந்துவிட்டது என 2017ஆம் ஆண்டில் அக்குழுவினர் கூறினர். கதிரவன் காற்றால் கவரப்பட்ட அயனிகளுள் சில மீண்டும் மேற்காற்றில் மோதி, கோலி விளையாட்டில் ஒரு கோலி மற்றக் கோலிகளைச் சிதறடிப்பதுபோல, பிற அணுக்களை வெளியே தெறிக்கச் செய்கின்றன. ஆர்கன் போனது பெரும்பாலும் இவ்வழியே. செவ்வாயின் பழங்காற்றில் ஒரு பகுதி பனியாகவும் பாறையாகவும் தரையில் அடங்கியதும் உண்மையே. ஆயினும் பெரும்பங்கு விண்வெளிக்கே இரையாயிற்று என்பது இவ்வளவையின் முடிவு.

கவசம் என்னும் சொல்

'பூமியின் காந்தப்புலம் ஒரு கவசம். அஃதிலாக் கோள் காற்றை இழக்கும்' என்னும் வாசகம் பாடநூல்களில் எளிதாக இடம்பெற்றுவிட்டது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. வெள்ளியை நோக்குக. அதற்குக் காந்தக் கவசம் இல்லை. கதிரவனுக்கும் அது பூமியைவிட அண்மையில் உள்ளது. எனினும் அதன் காற்றழுத்தம் பூமியினதைப்போல் ஏறத்தாழத் தொண்ணூறு மடங்கு. மறுபுறம் பூமியை நோக்குக. துருவப் பகுதிகளில் மேல்நோக்கித் திறந்த காந்தக் கோடுகளின் வழியே பூமியும் தன் ஆக்சிஜனை இழந்துகொண்டுதான் இருக்கிறது. அவ்விழப்பின் அளவு வெள்ளி, செவ்வாய் ஆகியவற்றின் இழப்புக்குக் குறைந்ததன்று என அளவைகள் காட்டுகின்றன. அகன்ற காந்தக் கோளம் காற்றைத் தடுக்கிறது. ஆனால் அகன்றிருப்பதாலேயே காற்றின் ஆற்றலை மிகுதியாக ஏற்றுத் துருவங்களுக்குக் கொண்டும் வருகிறது.

ஆகவே ஒரு கோளின் காற்று நிலைப்பது காந்தம் என்னும் ஒன்றை மட்டும் சார்ந்ததன்று. கோளின் ஈர்ப்பு, கதிரவனிடமிருந்து அதன் தொலைவு, உள்ளிருந்து எரிமலைகள் வெளியிடும் வளிமம், கதிரவனின் வயது ஆகிய யாவும் கூடியே அதனைத் தீர்மானிக்கின்றன. செவ்வாய் நலிந்ததற்கு அதன் காந்தம் நின்றது ஒரு காரணமாகலாம். அதன் சிறிய உருவும் மெலிந்த ஈர்ப்பும் அதனினும் சிறிய காரணங்கள் அல்ல. பாடநூலின் ஒருவரி விடையை மாணவர் மனப்பாடம் செய்வது எளிது. வெள்ளியைக் காட்டி அவ்வரியை ஐயுறச் செய்வதே கற்பித்தல்.

பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் 2018 ஆகஸ்டு 12ஆம் நாள் கதிரவனை நோக்கிப் புறப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை அமெரிக்க விண்வெளி நிறுவனம் தன் கலத்துக்கு இட்டது அதுவே முதன்முறை. 91ஆம் அகவையில் அவரே நேரில் நின்று அது விண்ணேறக் கண்டார். கதிரவனை நெருங்குவதற்காக அக்கலம் ஏழுமுறை வெள்ளியைச் சுற்றிச் சென்றது. அறுபதாண்டுகளுக்கு முன் அவர்தம் கணக்கை மெய்ப்பித்த அதே கோளை. 2022 மார்ச்சில் பார்க்கர் மறைந்தார். அவர் பெயரிய காற்றோ, வெள்ளியின் முகத்தில் போர்வையாய்ப் படிந்தும், செவ்வாயின் சிறு குடைகளை அசைத்தும், நிலவின் மண்ணில் புதைந்தும் ஓயாது வீசுகிறது.

இனி ஒரு மாணவன் வால்மீனை வரைந்து, வாலைப் பின்னே நீட்டினால், ஆசிரியர் அதனை உடனே அடித்துத் திருத்த வேண்டுவதில்லை. 'கதிரவன் எங்கே?' என்று கேட்டால் போதும். கதிரவனையும் அப்படத்தில் வரைந்த பின், வால் எத்திசையில் நீள வேண்டும் என்பதை அம்மாணவனே காண்பான்.